இல்லை என்று வரவேண்டும் என ஜெபித்தேன்

அன்பான சகோதர சகோதரிகளே, நான் இன்னும் மூச்சு விடுகிறேன் என்பதே ஆண்டவர் எனக்குச் செய்த பெரிய காரியம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் மற்றவர்கள் சாட்சி சொல்வதைப்போல என்னால் சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லை. என் சாட்சிக்குள் இன்னொருத்தியின் சாவும் இருக்கிறது.

என் பெயர் ஞானம்மா. சித்தூர்க்காரி. பங்காருபாளையத்தில் மாம்பழக் கூழ் ஆலையில் சீசனுக்குச் சீசன் பழம் நறுக்கும் வேலை. எங்கள் சபையின் மாதர் சங்கத்தில் ஜெபத்தை நடத்துகிறவளும் நான்தான். யாருக்காவது கஷ்டம் என்றால், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அதை ஒரே வாக்கியமாக்கி, எல்லோரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஜெபிப்பது எங்கள் வழக்கம். வாக்கியம் கட்டுவது என் பொறுப்பு. "பொதுவா கேட்டா பொதுவாத்தான் கிடைக்கும், குறிச்சுக் கேளுங்க" என்று மற்ற பெண்களை அதட்டுவேன். பிள்ளையின் பரீட்சைக்காக ஜெபிக்கச் சொன்னால், எந்தப் பாடம் என்று கேட்பேன். ஆண்டவருக்கே வேலை சொல்லிக் கொடுக்கிற வாய் எனக்கு.

எண்பதுகளின் தொடக்கம். மாங்காய் சீசன் முடிகிற நேரத்தில், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். வலி இல்லை. வலி இல்லையே என்று விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்ல வெட்கம் வேறு. சில மாதம் கழித்துச் சபையில் அறுப்பின் பண்டிகை வருவதற்குள் அது எலுமிச்சங்காய் அளவாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தேவசகாயம் லாரி ஷெட்டில் மெக்கானிக். அவர்தான் திட்டித் திட்டி என்னைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். புற்றுநோய் என்றார்கள். மார்பை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அன்று ஜெபம்கூட வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் முனியம்மா இருந்தாள். குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லிக்காரி. கூலி வேலைக்குப் போகிறவள். அவளுக்கும் அதே நோய், அதே நாளில் ஆபரேஷன். என்னைவிட வயதில் சின்னவள், என்னைவிடத் தைரியசாலி.

எங்களைப் பார்த்த டாக்டரம்மா தெலுங்குக்காரர். தமிழும் நன்றாகப் பேசுவார். ஒரு வியாழக்கிழமை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, "கட்டியை எடுத்ததும் அதுல ஒரு துண்டை மதராஸ் லேபுக்கு அனுப்பணும். அதுல ஹார்மோன் ரிசெப்டர் இருக்குதா இல்லையான்னு பார்ப்பாங்க. அதை வெச்சுத்தான் மேற்கொண்டு எப்படிப் போகும்னு சொல்ல முடியும்" என்றார். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டிக்குள் ஏதோ ஒன்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கட்டிக்குள் இருப்பது நல்லதாகவா இருக்கும்? எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"யக்கா, நீ உங்க சாமிகிட்ட பேசறப்போ எம் பேரையும் ஒரு வாட்டி சொல்லிடு" என்றாள் முனியம்மா.

அங்கேயே வாக்கியம் கட்டினேன். ஞானம்மாளுக்கும் முனியம்மாளுக்கும் ரிசெப்டர் இல்லை என்று வரச்செய்யும் ஆண்டவரே. அதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சித்தூருக்கு அனுப்பினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. ரிசெப்டர் என்ற சொல் வாயில் நுழையாமல் பெண்கள் தடுமாறினார்களாம். ஆனாலும் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அதையே சொல்லிச் சொல்லி ஜெபித்திருக்கிறார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞானம்மா கட்டிய வாக்கியம் ஆயிற்றே.

ஆபரேஷன் நடந்தது. எடுத்த சதை சூடாகிவிட்டால் பரிசோதனை பலிக்காதாம். அதனால் எங்கள் இரண்டு பேருடையதையும் தனித்தனிச் சின்னப் புட்டிகளில் போட்டு, ஒரே ஐஸ் பெட்டியில் வைத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் மதராஸ் போனார். வழியில் பஸ் நின்ற இடத்தில் எல்லாம் இறங்கி, சோடாக் கடையில் ஐஸ் வாங்கிப் பெட்டியைச் சுற்றிப் போட்டாராம்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் நர்ஸ் வந்து முடிவைச் சொன்னாள். "ஞானம்மா, உங்களுக்கு இருக்குதாம். முனியம்மாவுக்கு இல்லையாம். டாக்டரம்மா நாளைக்குக் காலையில வந்து பேசுவாங்க."

முனியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எனுக்கு இல்லியாம் யக்கா! உங்க சாமி கேட்டுக்கினாரு!" என்று வார்டு முழுக்கச் சொன்னாள். உடனே அவள் புருஷனை அனுப்பி டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னாள். பன்னைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். "துன்னு யக்கா. ஒன்னும் துன்னாம படுத்துக்கினு இருந்தா எப்டி? உனுக்கும் அவரு ஒரு வழி காட்டாம போவாரா?"

நான் வாங்கவில்லை. பசியில்லை என்று சொன்னேன். பொய். வயிறு எரிந்தது. ஆண்டவரே, உம்மை யாரென்றே தெரியாதவளுக்குக் கொடுத்தீர், இத்தனை வருஷம் முழங்காலில் நின்ற எனக்கு இல்லையா என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன். அவள் பிழைப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதை எழுதவே கை கூசுகிறது. அந்தப் பாதிப் பன்னை அவள் என் அலமாரியின் மேல் மூடி வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் டாக்டரம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அழறீங்க? அதி உண்டடமே மஞ்சிதம்மா, அது இருக்கறதுதான் நல்லது" என்றார். பிறகு நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். ரிசெப்டர் என்பது பெண்களின் உடம்பில் ஊறும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி மாதிரி. சில கட்டியில் அது இருக்கும், சிலதில் இருக்காது. இருந்தால், அந்தக் கட்டி ஹார்மோனைத் தின்றுதான் வளர்கிறது. மாத்திரை கொடுத்து அதைப் பட்டினி போடலாம். அப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் அதிக நாள் பிழைக்கிறார்கள். இல்லாத கட்டிக்கு அந்த மாத்திரை பலிக்காது. அதற்கு ஊசி மருந்துதான். அதுவும் எவ்வளவு தூரம் கேட்கும் என்று சொல்ல முடியாது.

சகோதரிகளே, அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். பிழைத்தேன் என்ற சந்தோஷம். ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பக்கத்துக் கட்டில் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முனியம்மா தன் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்காக நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் நான் உயிரோடிருக்கிறேன். அவளுக்காக நான் கேட்டது அப்படியே கிடைத்தது. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்குச் சரியாக வரவில்லை. டாக்டரம்மாவிடம் அழுதே விட்டேன். "நீங்க ஜெபம் பண்றதுக்கு முன்னாடியே அது அப்படித்தாம்மா இருந்தது" என்றார் அவர். மூளைக்குப் புரிந்தது. மனசு கேட்கவில்லை.

நான் மாத்திரை சாப்பிட்டேன். உடம்பு தேறியது. முனியம்மா ஊசி போட்டுக்கொண்டாள். முடியெல்லாம் கொட்டிப்போயிற்று. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அவள் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். நான் பஸ் ஏறிக் குப்பம் போய், அங்கிருந்து குடுபல்லி போனேன்.

பாயில் படுத்திருந்தாள். கண் மட்டும்தான் பழைய முனியம்மா. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். வாக்கியத்தைச் சொன்னேன். பன்னை வாங்காதது ஏன் என்று சொன்னேன். நான் கேட்டதுதானே உனக்கு வந்தது என்று அழுதேன்.

அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "ஏன் யக்கா, நீ சொல்லி உங்க சாமி எனுக்கு சீக்கு குடுத்தாரா? நீ சொன்னத எல்லாம் செஞ்சிக்கினு இருக்க அவரு என்னா உங்க ஊட்டு வேலக்காரரா?"

நான் அவள் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தேன்.

ஒரு மடக்கு குடித்துவிட்டு, "எனுக்கோசரம் இதுவரிக்கும் யாரும் பட்டினி கெடந்தது இல்ல யக்கா. முன்ன பின்ன தெரியாத பொம்பளைங்க ஒரு நாள் பூரா எம் பேர சொல்லிக்கினு பட்டினி இருந்தாங்கன்னு ஊர் பூரா சொன்னேன்" என்றாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். நான் சித்தூர் திரும்பிய அடுத்த வாரத்தில் அவள் போய்விட்டாள் என்று செய்தி வந்தது.

டாக்டரம்மா சொன்ன வருஷங்கள் வரை மாத்திரை சாப்பிட்டேன். இன்றைக்கும் ஆலைக்குப் போகிறேன். பழம் நறுக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியிடமும், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வலி இல்லை என்று விட்டுவிடாதே, வெட்கப்படாதே, டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள் என்று சொல்கிறேன். வாய் அதே வாய்தான், இப்போது வேறு வேலை செய்கிறது.

மாதர் சங்கத்தில் இப்போது நான் வாக்கியம் கட்டுவதில்லை. யாருக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்த நாளில்தான் தலைகீழாகக் கேட்டேன். அப்படிக் கேட்ட என்னையும் அவர் தள்ளிவிடவில்லை. நான் வேண்டாம் என்று அழுததை என் சதைக்குள் ஏற்கெனவே வைத்திருந்தார். முனியம்மாவுக்கு ஏன் வைக்கவில்லை? தெரியாது. பரலோகத்தில் முதலில் அதைத்தான் கேட்பேன். இப்படி மனத்தாங்கலோடு நிற்கிறவளையும் அவர் தாங்குகிறார் என்பதால் சொல்கிறேன், நீங்களும் அவரை நம்புங்கள். உங்கள் கஷ்டத்தோடு, உங்களுக்குப் பிடிபடாததோடு, உங்கள் பொறாமையோடுகூட அவரிடம் போங்கள். அவர் செய்யவேண்டியதை நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் இல்லை. முனியம்மாவுக்காக ஜெபிக்கிறீர்களா என்று போதகர் ஐயா ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் கேட்டே விட்டார். அவளுக்காக நான் எதையும் கேட்கவில்லை ஐயா என்றேன். உண்மைதான். வெள்ளிக்கிழமை என் முறை வரும்போது, முனியம்மா என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.