தடித்த ரீடு

கிளாரினெட் கீச்சென்று கத்துகிறதே என்று காலையிலிருந்து நாலு ரீடு, அதுதான் ஊதும் முனையில் கட்டும் நாணல் பட்டை, மாற்றிவிட்டேன். கடைசியில் தடித்த ரீடு ஒன்றை உப்புத்தாளில் ஓரம் தேய்த்து, ஊதும் முனையில் முடியளவு மேலே ஏற்றிக் கட்டினேன். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கனத்த சத்தம் வந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ் ராசேந்திரன் அண்ணன். மூன்றாவது கீமோ முடிந்து மெடிக்கல் லீவில் இருக்கிறார்.

"யார் வூட்டுல எழவு தம்பி?"

"எழவெல்லாம் இல்லண்ணே, ரீடு மாத்திக்கினு இருக்கேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாருக்கு. அத எடுத்து வையி. நான் போனா அதுலயே வாசி."

பதறிப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ரீடு ஒரு மாசத்துக்கு மேல தாங்காதுண்ணே."

"போதும்" என்றார்.

ரீடு கெடாமல் வைத்திருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு வருஷமாவது தாங்க வேண்டும்.