அந்த ஏரியில் நான் நனைத்த கால்

மூன்று வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் கணவரும் பைக்கில் ஜவ்வாது மலைக்குப் போனோம். அங்கே ஜமுனாமரத்தூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் போகிற இடங்கள் எனக்குப் பிடிக்காது. யாரும் பார்க்காத இடத்தை நான் பார்க்க வேண்டும், பார்த்ததை ஊருக்கெல்லாம் காட்டவும் வேண்டும். அப்படியொரு கிறுக்கு அப்போது எனக்கு.

மண்பாதையில் வழி தவறி, வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் விசாரித்தோம். பக்கத்திலேயே ஏரி இருக்கிறது என்றார். செல்போன் வரைபடத்தில் பெயரே இல்லாத ஏரி! வேலையைப் போட்டுவிட்டு எங்களோடு நடந்தும் வந்தார். கரைக்கு முன்பே எங்களை நிறுத்தினார்.

"செருப்ப இங்கயே வுட்டுட்டு வாங்கம்மா. தண்ணில கால வெச்சிடாதீங்க. எங்களுக்குக் குடிதண்ணி இதான்."

துணி துவைப்பதும் மாடு கழுவுவதும் மதகுக்குக் கீழேதானாம். குழந்தைகள்கூட ஏரிக்குள் இறங்க மாட்டார்களாம். ஒரு பாறைமேல் நின்று குடத்தில் மொண்டு வருவதுதான் அவர்கள் வழக்கம். மீன் துள்ளுவதைத் தவிர வேறு சத்தமில்லாத இடம் அது. அந்த அம்மா என் கணவருக்கு மதகைக் காட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நான் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு வீடியோ எடுத்துக்கொண்டேன். பத்து விநாடிதான்.

சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டு அனுப்பினார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"கீழ யாருக்கும் சொல்லி அனுப்பிடாதம்மா. கூட்டம் வந்தா இந்தத் தண்ணி தாங்காது."

பெரிதாகத் தலையாட்டினேன். மறுநாளே வழியோடு சேர்த்து வீடியோவைப் போட்டேன். என் பதிவுக்கு அவ்வளவு பாராட்டு அதற்குமுன் வந்ததே இல்லை. தலைகால் புரியவில்லை.

மறு வருடம் கோடை விடுமுறையில் நாத்தனார் குடும்பத்துக்கு 'என்னுடைய ஏரி'யைக் காட்டக் கூட்டிப்போனேன். சாமை நிலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. தண்ணீரில் ஷாம்பு நுரை, கரையெல்லாம் பிரியாணிப் பொட்டலமும் உடைந்த பாட்டிலும். அந்த அம்மா குடத்தோடு எங்கிருந்தோ மூச்சு வாங்க ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லா கீறியாம்மா? பார்த்தியா எங்க கெதிய? ரெண்டு மேடு தாண்டிப் போய்த்தான் தண்ணி எடுக்கறோம். எவனோ போன்ல போட்டுட்டானாம்."

குடத்தை இறக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க சொன்னா சிரிக்கிறாங்க. நீதான் சொன்னதக் கேட்டுக்கினு போன பொண்ணு. படிச்சவ. நீ ஒருவாட்டி அவங்களாண்ட சொல்லேன்."

வேறு வழியில்லாமல் போனேன். அந்த அம்மாவும் பின்னாலேயே வந்தார். சோப்பு போட்டுக் குளித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "இது குடிக்கிற தண்ணிங்க" என்று ஆரம்பித்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, அந்த வீடியோல வந்தது நீங்கதானே! அதப் பாத்துட்டுத்தான் நாங்களே வந்தோம். நீங்ககூட தண்ணிலதான கால வுட்டுக்கினு இருந்தீங்க?"

கரையில் கிடந்த போனை எடுத்து வீடியோவைக் காட்டவும் செய்தார். அந்த அம்மா குனிந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயாம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்கப் பின்னால் போகக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றே வீடியோவை அழித்தேன். பிரயோஜனமில்லை. அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பெயரில் போட்டிருந்தார்கள். "நீ போடலைன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க" என்று கணவர் இன்றும் சமாதானம் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் சோறு போட்டு, சொல்லாதே என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டது வேறு யாரையும் இல்லை, என்னைத்தான்.