அப்துல் வஹீத் கொடுத்த ஐந்து ஸ்டார்

ஆம்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் மோகனா உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. சேர்ந்தபோது டோக்கன் கொடுப்பதும் போன் எடுப்பதும்தான் வேலை. பிறகு டாக்டர் பரணிதரனுக்கு ஸ்டார் பைத்தியம் பிடித்தது. இன்டர்நெட்டில் ஆஸ்பத்திரிக்கு யார் எத்தனை ஸ்டார் கொடுத்தார்கள் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது.

மரத்துப்போன வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம், “போன்ல ஸ்டார் போட்டுட்டுப் போங்க” என்பாள். அஞ்சு போடுங்கள் என்று கேட்க மட்டும் அவளுக்கு நாக்கு எழாது. பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும்.

சாயங்காலம் மாதனூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஒற்றைக் கையால் பதில் போடுவாள். எல்லாருக்கும் ஒரே வரிதான். ‘தங்கள் புன்னகையே எங்கள் பெருமை. நன்றி.’ எழுதிய புதிதில் அவளுக்கே பிடித்திருந்த வரி அது. இப்போது பார்த்தாலே கொட்டாவி வருகிறது. வீட்டுக்குப் போய் உலை வைத்தாலும் போன் விடாது. பல்வலி வந்தவன்கூட மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவான், இவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஒரு சனிக்கிழமை டாக்டர் கூப்பிட்டார்.

“சுந்தரமூர்த்தின்னு ஒருத்தர் ஒரே ஒரு ஸ்டார் போட்டிருக்கார். பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். போன வாரம் கடைவாப்பல் எடுத்துட்டுப் போனவரு. நல்லாத்தான் போனாரு.”

“திங்கக்கிழமை அது இருக்கக் கூடாது. இருந்தா இந்த வேலையெல்லாம் சென்னைல ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடப் போறேன். அப்புறம் முன்னாடி உக்கார ஆள் தேவைப்படாது.”

அதட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதனாலேயே செய்தும்விடுவார் என்று மோகனாவுக்குப் பட்டது. கணவன் கோபிக்கு ஷூ கம்பெனியில் ஆர்டர் வந்தால் வேலை, இல்லையென்றால் வீட்டில் படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை, துணிமூட்டையை ஊறப்போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி நோட்டில் இருந்த விலாசத்தை வைத்துச் சுந்தரமூர்த்தி வீட்டைத் தேடிப் போனாள். அவர் தோல் பதனிடும் டேனரியில் ரகம் பிரித்து ஓய்வு பெற்றவர். வாசலில் நாற்காலி போட்டு முறுக்கைக் கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவரோடு வேலை செய்த அப்துல் வஹீத் பாய், பன்னை டீயில் முக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவரையும் மோகனாவுக்குத் தெரியும். அவருக்குப் பல்செட் கட்டியது இவர்கள் ஆஸ்பத்திரிதான்.

“எங்க மேல இன்னா கோவங்கய்யா? ஒரு ஸ்டார் போட்டுட்டீங்க.”

சுந்தரமூர்த்திக்கு முகம் சுருங்கிவிட்டது. “கோவமா? வலியே தெரியாம எடுத்தாங்கன்னுதானேம்மா ஒண்ணு போட்டேன். ஒண்ணாம் நம்பர்னா கப்பல்ல போற சரக்கு. அஞ்சுன்னா ஓட்டை, கீறல், கழிசல். நாப்பது வருஷம் அப்படித்தானே பிரிச்சேன்?”

மோகனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இங்கே கணக்கு தலைகீழ், அஞ்சுதான் உசத்தி என்று விளக்கி, அவர் போனை வாங்கி அஞ்சாக மாற்றிக் கொடுத்தாள். அப்பாடா என்று எழுந்தவளை, பன் தின்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“அப்போ நான் போட்ட அஞ்சு?”

வஹீத் பாயின் ஐந்து ஸ்டாரைக் கண்டு டாக்டர் பூரித்துப்போனது நினைவுக்கு வந்தது.

“பல்செட் ஈறைக் கிழிக்குதும்மா. வந்து சொன்னேன், பழகிடும்னாரு டாக்டர். கறி தின்னே மாசக்கணக்காச்சு. பேஜாராயி அஞ்சு போட்டேன். நீங்க புன்னகை, பெருமை, நன்றின்னு எழுதிட்டீங்க. கெழவனை வெச்சு தமாஷ் பண்றாங்கன்னு அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரல.”

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பல்செட்டை எடுத்துக் காட்டினார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். மோகனாவுக்கு வெட்கமாக இருந்தது. பஸ் கம்பியைப் பிடித்தபடி, யார் என்றுகூடப் பார்க்காமல் தட்டிய வரி அது.

“தப்பா எண்ணிக்காதம்மா. என்னுதையும் சரியாப் போட்டுக் குடு” என்று போனை நீட்டினார்.

அஞ்சே இருக்கட்டும் பாய் என்று சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார், நல்ல மனுஷன். வேலை போனால் வேறு எங்கே போவது என்ற பயமும் இருந்தது. ஆனாலும் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தபிறகு இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. பாயின் போனை வாங்கி ஒரே ஒரு ஸ்டாரைத் தொட்டுக் கொடுத்தாள். “நாளைக்குக் காலைல பல்செட்டோட வந்துடுங்க பாய்” என்றாள்.

திங்கட்கிழமை டாக்டர் போனைப் பார்த்தபடியே உள்ளே வந்தார்.

“ஒண்ணு போச்சுன்னு பாத்தா இன்னொண்ணு வந்திருக்கு. யாருங்க இந்த அப்துல் வஹீத்? இதையும் எடுக்கச் சொல்லுங்க.”

“வெளில உக்காந்திருக்காரு சார். நீங்க கட்டின பல்செட்டைக் கைல வெச்சிருக்காரு” என்றாள் மோகனா. “நீங்களே சொல்லிடுங்க. உள்ள அனுப்பட்டுமா?”