துக்க வீட்டு நட்சத்திரம்

டிசம்பர் பிறந்ததும் முதலியார்பேட்டையில் எங்கள் தெரு ஆளே மாறிவிடும். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் வீடுகள் ஒவ்வொன்றிலும் மாடியில் மூங்கிலும் காகிதமுமாக ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறும். யார் வீட்டு நட்சத்திரம் பெரிது என்று வாய்விட்டுச் சொல்லாத போட்டி ஒன்றும் நடக்கும். நான் ஏழாவது படித்த வருடம் எங்கள் வீடு அந்தப் போட்டியில் இல்லை. ஈஸ்டர் கழிந்த வாரம் அம்மா போய்விட்டாள். சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை நட்சத்திரம் கட்டக்கூடாது, குடில் வைக்கக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது. பலகாரத்துக்காவது மாற்று ஏற்பாடு உண்டு, அக்கம்பக்கத்தார் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நட்சத்திரத்தை யாரும் அப்படிக் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

அப்பா ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வேலை விட்டு வந்தால் கைகால் கழுவுவார், சாப்பிடுவார், தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் ஒரு சொல் வராது. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. அப்பாவின் அக்கா, என் அத்தை, அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து சமைத்துவைத்துவிட்டுப் போவாள். அத்தை மூச்சுவிடாமல் பேசுவாள். ஆனால் அதெல்லாம் தக்காளி விலையும் பஸ்ஸில் இடித்த ஆளும்தான். மற்ற நேரமெல்லாம் வீட்டில் நான் தனி.

அப்படித்தான் கம்ப்யூட்டரிடம் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் இருந்தபடியே அம்மா ஒரு ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் மிஸ் எங்களுக்குப் புரோகிராம் எழுதிப் படம் போடச் சொல்லிக்கொடுத்திருந்தார். திரையில் ஒரு சின்ன அம்பு இருக்கும். நட என்றால் கோடு போட்டுக்கொண்டே நடக்கும், திரும்பு என்றால் திரும்பும். அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான். வகுப்பில் சதுரத்தோடு நிறுத்திவிட்டார்கள். நான் விடவில்லை. நூறு அடி நட, நூற்று நாற்பத்து நாலு டிகிரி திரும்பு, இதையே ஐந்து தரம் செய் என்றேன். முழுசாக ஒரு நட்சத்திரம் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மூங்கில் இல்லை, காகிதம் இல்லை, மாடியில் கட்டவும் இல்லை. இது எப்படி நட்சத்திரக் கணக்கில் வரும்? இதைப் பார்த்தால் அப்பா என் பக்கம் திரும்புவார், ஏதாவது கேட்பார் என்று நம்பினேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதோடு மல்லுக்கட்டினேன். எவ்வளவு திரும்ப வேண்டும், என்ன நிறம், எத்தனை முனை என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும்படி எழுதினேன். ஒரு பட்டனைத் தட்டினால் இருப்பது அழிந்து புதிதாக ஒன்று வரும். சில தரம் கண்ணைப் பறிக்கும். சில தரம் முனைகள் சேராமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எது வரும் என்று எனக்கே தெரியாததில் எனக்குப் பெரிய பெருமை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்ததும், மானிட்டரைத் தெருவுக்கும் தெரியும்படி ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்தேன். சாமான் துலக்கிக்கொண்டிருந்த அத்தை ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"இன்னாடி இது? துக்க வூட்ல ஸ்டார் போட்டா ஊரு இன்னா பேசும்?"

"இது கட்டுற ஸ்டார் இல்ல அத்தை. கம்ப்யூட்டர்ல போட்டது."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "எரியுதுல்ல? அப்ப ஸ்டாருதான்" என்று பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். ஜன்னல் வெளிச்சத்தைத் தெருவிலேயே பார்த்திருக்க வேண்டும், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தனை மாதத்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் இருந்த நீல நட்சத்திரத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் அவசரத்தில், படபடவென்று பட்டனைத் தட்டினேன். சிவப்பு, பச்சை, பன்னிரண்டு முனை என்று வந்துகொண்டே இருந்தன.

"மொதல்ல நீலமா ஒண்ணு இருந்திச்சே, அதக் காட்டு" என்றார் அப்பா.

"அது வராதுப்பா. போனா போனதுதான். இனிமே வேற வேறதான் வரும்."

"நீதான போட்ட?"

"எப்படிப் போடறதுன்னுதான் நான் சொன்னேன். எது வரணும், எது போவணும்னு அதுவா முடிவு பண்ணிக்கும். அதாம்பா இதுல விசேஷமே."

நான் மறுபடி தட்டினேன். வெளிறிய மஞ்சளில் கோணல்மாணலாக ஒன்று வந்து விழுந்தது. முனைகள் சேரவில்லை, ஒரு கால் திரைக்கு வெளியே போயிருந்தது. சீ என்று அடுத்ததற்குக் கையை நீட்டினேன். அப்பா தன் உள்ளங்கையை விரித்து கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும்."

"இது நல்லாவே இல்லப்பா. அடுத்தது சூப்பரா வரும், பாரேன்."

"இருக்கட்டும்டி. தட்டினா இதுவும் போயிடும்ல."

கையை அவர் எடுக்கவே இல்லை. அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். பிளக்கைத் தொடாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். அத்தைக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைக்கும்படி, உள்ளேயிருந்து வெகுநேரம் பேச்சுச் சத்தமே வரவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. உள்ளே எவ்வளவோ அழகான நட்சத்திரங்கள் இருக்கின்றன, ஒரு தட்டு தட்டினால் போதும். இந்த மனிதருக்கு அடுத்தது என்ன என்று பார்க்கும் ஆசைகூட இல்லையே, இருப்பதிலேயே மட்டமானதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அழுகை முட்டியது. அப்பாவுக்கு என் புரோகிராம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவில் மற்ற வீட்டு நட்சத்திரங்களைப் பார்க்கப் போனேன்.