காலி அட்டையே சாம்பிள்

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் நான். பஞ்சுத்தூசியால் வந்த மூச்சிரைப்புக்கு டாக்டர் பத்து நாளுக்கு மட்டும் எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையை, சாம்பிள் பீஸைப் பார்த்துத் தைப்பதுபோல், மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டியே இரண்டு வருடம் வாங்கி விழுங்கினேன். முகம் உப்பியது. "நல்லா தேறிட்டீங்கக்கா" என்றாள் பக்கத்து மெஷின் சரசு. எனக்கும் பெருமைதான்.

ஒருநாள் டீ பெல் அடித்தபோது ஸ்டூலிலிருந்து எழ முடியவில்லை. வலியே இல்லை, தொடையில் பலம்தான் இல்லை. சரசுதான் தூக்கிவிட்டாள். இந்த மாத்திரைதான் காரணமோ என்ற பயத்தில் அதைக் குப்பையில் எறிந்துவிட்டு டாக்டரிடம் போனேன்.

"ஏனுங்கம்மா, ஒரேடியா நிறுத்துனா உசுருக்கே ஆபத்துங்க! மாத்திரை தொடைச் சதையைக் கரைச்சிருக்குது. கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கோணும்" என்றார்.

இப்போது டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் வாங்குவதில்லை. தினமும் டீ பெல்லுக்குக் கை ஊன்றாமல் எழப் பார்க்கிறேன். இன்றும் ஊன்றித்தான் எழுந்தேன்.