மிதவைக்கு அந்தப் பக்கம்

எங்கள் மாப்பிள்ளைக்குப் பொய்ப்பல் செய்கிற வேலை. வீட்டுப் பின்னறையில் ஜன்னலோரம் மேசையைப் போட்டு, ஊரார் வாயையெல்லாம் அச்செடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு நாள் முழுக்க ராவிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் மனுஷர் வாயே திறக்கவில்லை. மகளை ஊமைக்குக் கொடுத்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். மீனைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் பேசுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏரியில் அவர் போடுவது ஈத் தூண்டில். புழுவும் கிடையாது, மாவும் கிடையாது. கோழி இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஈ மாதிரியே ஒன்றைக் கட்டுவார். நிஜ ஈ வந்து உட்கார்வதுபோல அதைத் தண்ணீர்மேல் வீசி உட்கார வைத்தால், மீன் ஏமாந்து மேலே வரும். பிடித்ததில் பாதியைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார். திரும்ப விடுவதற்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற ரோஸ் பசையைத் தொட்டு, ஒவ்வொரு ஈயின் தலையிலும் ஒரு பொட்டு வைப்பார். ஏரியில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. எந்தப் புதரில் சிக்கிக் கிடந்தாலும், இது பல்லுக்காரருடையது என்று வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

என் மகளுக்கு ஏரி அலுவலகத்தில் வேலை. கரையோர மரங்களில் கேமரா கட்டி வைப்பாள். எதிரே ஏதாவது அசைந்தால் அதுவே படம் பிடித்து இவள் போனுக்கு அனுப்பிவிடும். ஆக, ஒருவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் கோரைக்காட்டுக்குள் ஒரு நீர்நாய் குட்டி போட்டிருந்தது. குட்டிகள் வளரும்வரை யாரும் அங்கே போகக்கூடாது என்று தண்ணீருக்குக் குறுக்கே மிதவை கட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக் கட்டியதே என் மகள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. போனை மாப்பிள்ளையின் தட்டுப் பக்கம் தள்ளினாள். நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீரோரம் மரத்து வேர் ஒன்று, அதன்மேல் நீர்நாய்க் குட்டி. கழுத்தைச் சுற்றித் தூண்டில் நரம்பு. நரம்பின் மறுமுனை வேரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குட்டியின் காதுக்குக் கீழே ரோஸாக ஒரு பொட்டு. எனக்கு எழுத்துதான் தெரியாது, ரோஸ் தெரியும்.

“எப்போ?” என்றாள்.

“போன வாரம். மிதவைக்கு அந்தப் பக்கம் பெருசா ஒண்ணு எழும்பிச்சு. ஒரே ஒரு தடவை வீசிப் பாப்போம்னு...”

ஈயைக் கட்டுகிற முனையில் நரம்பு மெல்லிசாக இருக்க வேண்டுமாம். எங்காவது சிக்கினால் அந்த இடத்திலேயே அறுந்து, ஈ மட்டும் போகும். இவருக்கோ ராப்பகலாக உட்கார்ந்து கட்டிய ஈயை விட மனசு வராது. அதனால் முனைவரைக்கும் தடித்த நரம்பையே போட்டிருக்கிறார். கோரையில் சிக்கியதும் பிடித்து இழுத்திருக்கிறார். முனையில் அறாமல் மேல் முடிச்சில் அறுந்து, இரண்டு ஆள் நீள நரம்பு அங்கேயே நின்றுவிட்டது. தாண்டக் கூடாததைத் தாண்டிய வெட்கத்தில் அதைப் போய் எடுக்கவும் இல்லை, பெண்டாட்டியிடம் சொல்லவும் இல்லை.

அதற்குள் இன்னொரு படம் வந்தது. வெளியே காற்று கிளம்பியிருந்தது. அலை வேர்வரை வந்து அடிக்கிறது. குட்டி மேலே ஏறினால் நரம்பு கழுத்தை இறுக்குகிறது, கீழே இறங்கினால் தண்ணீர் மூடுகிறது. மகள் அலுவலகத்துக்குப் பேசினாள். சிக்கின மிருகத்தை வலை போட்டுப் பிடிக்கிற ஆள் அக்கரையில் இருக்கிறானாம், சுற்றிக்கொண்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுமாம். மாப்பிள்ளை பின்னறைக்குப் போய், பல் கம்பி வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் படகுத்துறைக்கு இறங்கிவிட்டார். நானும் கூடவே நடந்தேன்.

“நீ எதுக்கும்மா?”

“நீங்க ரெண்டு பேரும் குட்டியப் பிடிச்சா படகை யாருடி பிடிக்கிறது? செத்துப்போன உங்கப்பாவா எழுந்து வருவாரு?”

மகளின் அலுவலகப் படகில் மோட்டார் உண்டு, ஆனால் சத்தம் கேட்டால் தாய் நீர்நாய் மிரளும் என்று துடுப்பு போட்டே போனோம். எதிர்க்காற்று. இரண்டு பிடி முன்னே போனால் ஒரு பிடி பின்னே தள்ளுகிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. மிதவையைத் தாண்டும்போது மறுபடி போன் சத்தம் கொடுத்தது. பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தாள். என்னடி என்றேன். குட்டி அசையவில்லை என்றாள். அசையாமல் கேமரா எப்படிப் படம் எடுக்கும் என்று கேட்டேன். பக்கத்தில் தாய் அசைகிறது என்றாள். நான் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது குட்டியின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தாய் சீறிக்கொண்டு வேரைச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை மெல்ல இறங்கினார். தண்ணீர் நெஞ்சுவரை இருந்தது. அவருக்கு நீச்சல் வராது. எனக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. கை எட்டியதும் வேரில் மாட்டியிருந்த நரம்பைக் கத்தரிக்கப் போனார்.

“அங்க வெட்டாதீங்க,” என்றாள் மகள், குரலை உயர்த்தாமல். “வேர்ல வெட்டினா கழுத்துச் சுருக்கோடயே ஓடிடும். அப்புறம் நம்ம கையில கிடைக்காது.”

அவர் இடது கையைக் குட்டியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். நரம்பு தளர்ந்தது. மகள் துடுப்பை நீட்டித் தாயை மறித்தாள். அது துடுப்புக்கு அடியில் முங்கி, அந்தப் பக்கம் எழுந்து, குட்டியைத் தாங்கிய கையைக் கவ்வியது. ரத்தம் தண்ணீரில் இறங்குவது படகிலிருந்து எனக்குத் தெரிந்தது. கையை உதறினால் குட்டி விழும். அவர் உதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கை விரலால் ரோமத்துக்குள் நரம்பைத் தேடினார். ஒரு சுற்று வெட்டினார். போதாது. சதையோடு ஒட்டி இன்னொரு சுற்று இருந்தது. நான் கோரைக் கற்றையை இரண்டு கையாலும் பிடித்துப் படகை நிறுத்தியிருந்தேன். உள்ளங்கை கிழிந்தது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

இரண்டாவது சுற்றும் அறுந்தது. ஈயை ரோமத்தோடு கத்தரித்து எடுத்துவிட்டுக் குட்டியை விட்டார். கல் மாதிரி தண்ணீருக்குள் போயிற்று. அவர் கையை விட்டுவிட்டுத் தாயும் முங்கியது.

வேருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழவில்லை. காற்றுக்குக் கோரை படுத்துப் படுத்து எழுந்தது. மாப்பிள்ளை தண்ணீரிலேயே நின்றார். ஏறுங்கள் என்று நான் இரண்டு தரம் சொல்லியும் காதில் விழவில்லை. மகள்தான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து ஏற்றினாள்.

மிதவைக்கு இந்தப் பக்கம் வந்தபிறகு போன் சத்தம் கொடுத்தது. அவள் பார்க்கவில்லை. நான்தான் அவள் மடியிலிருந்து எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கரை மேட்டில் தாய் நிற்கிறது. அதன் வாயில் குட்டியின் பிடரி, குட்டியின் நான்கு காலும் அந்தரத்தில் உதைத்துக்கொண்டிருக்கின்றன. கண் திறந்திருக்கிறது. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“அந்த மொதல் படத்த ஆபீசுக்கு அனுப்பிடு.”

“கெளம்பும்போதே அனுப்பிட்டேன்.”

“ரோஸ் தெரியுதில்ல? இனிமே என்னை ஏரிக்குள்ள விட மாட்டாங்க.”

“மாட்டாங்க.”

கட்டியவரையே காட்டிக்கொடுத்தாளே என்று பின்னாளில் அக்கம்பக்கத்தில் பேசினார்கள். பேசியவர்கள் யாரும் அந்தப் படகில் இல்லை. அன்றைக்கு அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கழுத்தில் போட்டிருந்த துணியைப் பல்லால் கிழித்து, ஒவ்வொரு விரலாகச் சுற்றத் தொடங்கினாள்.