திரைக்குக் கீழே இரண்டு செருப்பு

ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க ரெமெடியோஸ் டீச்சரைத்தான் கூப்பிடுவார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கிறிஸ்துமஸ் அன்று அத்தனை பிள்ளைகளும் "நினாங், நினாங்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். ஞானத்தாயின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு பரிசுக்காகக் காத்திருப்பார்கள். அன்றைக்கு ஒருமுறையாவது ஒளிந்துகொள்ளாத நினாங் அந்த ஊரில் கிடையாது. அதைச் சொல்லிச் சிரிப்பதும் பண்டிகையில் சேர்த்திதான்.

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குக் கதவுப் புத்தகம் செய்யலாம் என்று அவள் திட்டம் போட்டாள். மரியாளும் சூசையும் தங்க இடம் கேட்டுத் தெருத்தெருவாக அலைந்த கதை. பிள்ளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வீடு, திறந்து மூட ஒரு காகிதக் கதவு. திறந்தால், இடமில்லை என்று சொன்ன வீட்டுக்காரர் தெரிய வேண்டும். லீவு விடும் நாளில் பெற்றோர் முன்னால் வாசிப்பு.

அவளுடைய ஞானப்பிள்ளைகளில் ஒருத்தியான ஜொவெலின் பச்சைக் கேட் போட்ட வீடு வரைந்திருந்தாள். கதவைத் திறந்தால் ஆளைக் காணோம். ஒரு திரை, அதற்குக் கீழே இரண்டு நீலச் செருப்பு.

"இது யார் வீடு கண்ணு?"

"உங்க வீடுதான் நினாங். போன கிறிஸ்துமஸுக்கு வந்தேன்ல? நீங்க மணிலா போயிருக்கீங்கன்னு மாமா சொன்னாரு. செருப்பு மட்டும் நின்னுக்கிட்டிருந்துச்சு."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலாம். வாங்கி வைத்த பரிசெல்லாம் தீர்ந்துபோய், வெறுங்கையோடு நிற்க வெட்கப்பட்டுப் புருஷனைப் பொய் சொல்லச் சொன்னது ரெமெடியோஸின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பக்கங்களைக் கோக்கும்போது பக்கத்து வகுப்பு அப்னர் சார் எட்டிப் பார்த்து, பச்சைக் கேட்டை அடையாளம் கண்டுகொண்டார். "என்ன டீச்சர், மரியாளுக்கே டிமிக்கி குடுத்துட்டீங்களா?"

அவளும் சிரித்து வைத்தாள். அவர் போனதும் ஜொவெலினின் பக்கத்தை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வாசிப்பு நாளில் ஜொவெலின் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "என் வீடு இல்லையே நினாங்?"

"எங்கயோ விழுந்துடுச்சு போல தங்கம்."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. திரைக்குப் பின்னால் ஒளிந்ததற்காவது ஊரே துணை. இதற்கு யார் துணை? குழந்தை அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பரவால்ல" என்று அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று ரெமெடியோஸ் பச்சைக் கேட்டை அகலத் திறந்து, வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், ஜொவெலினைத் தவிர. வெயில் சாய்ந்ததும் பரிசையும் அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். நினாங் பிள்ளையைத் தேடிப் போவதை அந்தத் தெரு கண்டதில்லை.

ஜொவெலின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் உள்ளே பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது.

"உன் நினாங் வந்திருக்காங்கடி. போய்த் திற."

"வேணாம்மா. நாம மணிலா போயிருக்கோம்னு சொல்லிடு."

கதவின் அடி இடுக்கில் சின்னக் கால்விரல்கள் தெரிந்தன. ரெமெடியோஸ் குனிந்தாள்.

"தங்கம், உன் வீடு எங்கயும் விழலை. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். அன்னைக்குத் திரைக்குப் பின்னால நின்னதும் நான்தான்."

கால்விரல்கள் அங்கேயே நின்றன. அவள் மறுபடி தட்டினாள்.